சொந்த மைதானத்தின் பலம் எவ்வளவு? அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் பிளே-ஆஃப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது எந்த ஃபுட்பால்? பிளே-ஆஃப் என்றால் என்ன?

காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், பக்கத்துக்குப் பதினொரு பேராக, 100 கெஜ மைதானத்தில் ஆடும் அமெரிக்க ஃபுட்பால். பள்ளிகளுக்கான போட்டிகளை ஒவ்வொரு மாநிலத்திலும் அந்தந்த மாநிலச் சங்கம் தனித்தனியே நடத்துகிறது. நாடு முழுவதற்கும் ஒரே கோப்பை கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் பருவத்தில் ஏறக்குறைய பத்து ஆட்டங்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவுகளில், நடக்கும். அவற்றில் தேறிய அணிகள் நவம்பரில் பிளே-ஆஃப் எனப்படும் நாக்-அவுட் சுற்றுகளுக்குள் நுழைகின்றன. ஒரு தோல்வியோடு பருவம் முடிந்துவிடும். கல்லூரியில் தொடர்ந்து ஆடுகிறவர்கள் மிகச் சிலரே என்பதால், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தத் தோல்விதான் வாழ்நாளின் கடைசி ஆட்டமாகவும் அமைகிறது. அந்த ஓர் ஆட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதைப் பற்றி இவ்வளவு சச்சரவு எழுவதற்கு இதுவே காரணம்.

எந்த அணியின் மைதானத்தில் ஆட்டம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

மாநிலத்துக்கு மாநிலம் வழக்கம் மாறுகிறது. இந்த வேறுபாடுகளைத் தெரிந்துகொள்ளாமல் "சொந்த மைதான அணிதான் எப்போதும் வெல்கிறது" என்று பேசத் தொடங்கினால் தவறான இடத்தில் போய் நிற்போம். ஆகவே சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஓஹியோவில் 1972-ல் பிளே-ஆஃப் தொடங்கிய நாளிலிருந்தே ஹார்பின் முறை என்ற கணினிப் புள்ளிக் கணக்கு நடைமுறையில் உள்ளது. ஓர் அணி வென்றால் அதற்குப் புள்ளி. அது வீழ்த்திய அணிகள் வேறு ஆட்டங்களை வென்றால் அதற்கும் புள்ளி. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றது என்பது கணக்கில் வராது. இந்தத் தரவரிசையில் மேலே இருக்கும் அணியின் ஊரில்தான் தொடக்கச் சுற்றுகள் நடக்கும். பிந்தைய சுற்றுகள் இரு அணிகளுக்கும் சொந்தமல்லாத பொது மைதானங்களுக்குச் செல்லும்.

ஜார்ஜியாவில் நீண்ட காலம் நடந்த முறை வேறு. முதல் சுற்றில், மண்டலத்தில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த அணிகள் தங்கள் ஊரில் ஆடும். மூன்றாம், நான்காம் இடத்து அணிகள் பேருந்தில் ஏறி வரும். பின்னர் வரும் சுற்றுகளில் ஒரே இடத்தைப் பிடித்த இரு அணிகள், உதாரணமாக இரு மண்டலங்களின் முதலிடத்து அணிகள், மோதினால் மாநிலச் சங்கம் அந்தச் சுற்றுக்கென நாணயம் சுண்டும். ஒரே ஒரு சுண்டல்தான்; அட்டவணையில் மேல் வரிசையில் உள்ள அணிகளுக்கா, கீழ் வரிசையில் உள்ள அணிகளுக்கா என்பது அதிலேயே முடிந்துவிடும்.

தெற்குக் கலிஃபோர்னியாவில், அந்தப் பிளே-ஆஃபில் இதுவரை எந்த அணி குறைவான ஆட்டங்களைத் தன் ஊரில் ஆடியதோ அதற்கு அடுத்த ஆட்டம் என்றும், இரண்டும் சமமானால் நாணயம் என்றும் ஒரு வழக்கம் உண்டு. டெக்சாஸிலோ இரு பயிற்சியாளர்களும் பேசி ஓர் இடத்தை முடிவு செய்து, இரு ஊர்களுக்கும் நடுவழியில் உள்ள மூன்றாவது ஊரின் மைதானத்தில் சந்தித்து, டிக்கெட் வசூலைப் பங்கிட்டுக்கொள்ளும் மரபு மிகப் பழையது. பேச்சு ஒத்துவராவிட்டால் அங்கும் நாணயந்தான்.

பிளே-ஆஃபில் சொந்த ஊர் அணிகளே பெரும்பாலும் வெல்கின்றன. அப்படியானால் மைதானம்தானே வெற்றி தேடித் தருகிறது?

இல்லை. எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

2021 முதல் 2024 வரை ஓஹியோவில் ஏழு பிரிவுகள், பிரிவுக்கு நான்கு மண்டலங்கள், மண்டலத்துக்கு 16 அணிகள் என்ற கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் 448 அணிகள் பிளே-ஆஃபுக்குத் தேர்வாயின. முதல் சுற்றில் 224 ஆட்டங்கள். அந்த 224 ஆட்டங்களிலும் தரவரிசையில் மேலே இருந்த அணியே சொந்த மைதானத்தில் ஆடியது. முதலிடத்து அணியை எதிர்த்துப் பதினாறாம் இடத்து அணி, இரண்டாமிடத்தை எதிர்த்துப் பதினைந்தாமிடம் என்று போகும் அந்தச் சுற்றில் ஊர்க்கார அணி 42-7 என்று வென்றால், வென்றது மைதானமா, அணியா? அந்த 16-ஆம் இடத்து அணியின் ஊருக்கே முதலிடத்து அணியை வரச் செய்திருந்தாலும் முடிவு மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 35 புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கும் விதி பல மாநிலங்களில் உண்டு. நவம்பர் முதல் வாரங்களில் அந்த விதி எத்தனை முறை எடுத்தாளப்படுகிறது என்பதைப் பார்த்தாலே போதும்.

நல்ல அணிக்குப் பரிசாகத்தான் சொந்த மைதானம் தரப்படுகிறது. பரிசு பெற்றவர்கள் வெல்கிறார்கள் என்பதைக் கொண்டு பரிசுதான் அவர்களை வெல்ல வைத்தது என்று சொல்வது, முதல் வரிசையில் உட்கார வைக்கப்பட்ட மாணவர்கள் முதல் மதிப்பெண் எடுத்ததால் அந்தப் பெஞ்சில்தான் ஏதோ இருக்கிறது என்பது போன்றது.

அப்படியானால் மைதானத்தின் பங்கை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

மூன்று வழிகள் உண்டு. மூன்றும் சம அளவில் நம்பத்தக்கவை அல்ல.

மிகச் சிறந்தது ஜார்ஜியாவின் நாணயம். சம இடத்து அணிகள் மோதும்போது யாருக்குச் சொந்த மைதானம் என்பதைத் திறமை தீர்மானிக்கவில்லை, தற்செயல் தீர்மானித்தது. மருந்து ஆய்வில் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை என்று குலுக்கிப் போடுவதும் இதுவும் ஒன்றே. அத்தகைய ஆட்டங்களை மட்டும் பல ஆண்டுகளுக்குத் திரட்டி, நாணயம் யார் பக்கம் விழுந்ததோ அவர்கள் பாதிக்கு மேல் எவ்வளவு வென்றார்கள் என்று பார்த்தால் கிடைப்பதே மைதானத்தின் உண்மையான பங்கு.

இரண்டாவது, தரவரிசையில் நெருங்கிய அணிகள் மோதும் ஆட்டங்களை, அதாவது எட்டாமிடமும் ஒன்பதாமிடமும், ஏழாமிடமும் பத்தாமிடமும் சந்திப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது. மூன்றாவது, ஒரே அணியின் ஆட்டத்தைச் சொந்த ஊரிலும் வெளியூரிலும் ஒப்பிடுவது. இது எளிது; ஆனால் எதிரணிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஏமாற்றக்கூடியது.

சொந்த மைதானமே இல்லாமல் வென்ற அணிகள் உண்டா?

உண்டு. டெக்சாஸில் டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள ஆலன் என்ற ஊரின் பள்ளி, ஏறக்குறைய 6 கோடி டாலர் செலவில் 18,000 இருக்கைகள் கொண்ட ஈகிள் ஸ்டேடியத்தை 2012-ல் திறந்தது. ஒரு பள்ளிக்கு இவ்வளவு பெரிய மைதானமா என்று நாடே வியந்தது, கொஞ்சம் கேலியும் செய்தது. இரண்டே ஆண்டுகளில் கான்கிரீட்டில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டு, 2014 பருவம் முழுவதும் அது மூடிக் கிடந்தது. அந்தப் பருவத்தில்தான் ஆலன் அணி தன் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல், ஒன்றிலும் தோற்காமல், தொடர்ந்து மூன்றாவது முறையாக மாநிலக் கோப்பையை வென்றது. குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை வழிநடத்துபவராக, இருந்தவர் கைலர் முர்ரே. பள்ளியில் அவர் தொடக்க வீரராக இறங்கிய 42 ஆட்டங்களிலும் அணி வென்றது. 2019-ல், தொழில்முறை லீகான என்.எஃப்.எல். புது வீரர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவரும் அவரே. அப்படி ஒருவர் அணியில் இருக்கும்போது மைதானம் யாருடையது என்பது இரண்டாம்பட்சம்.

கலிஃபோர்னியாவின் கான்கார்டு நகர டி லா சால் பள்ளி 1992 முதல் 2004 வரை தொடர்ச்சியாக 151 ஆட்டங்களை வென்றதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அந்த 151-இல் எதிரணியின் ஊருக்கே போய் ஆடியவை ஏராளம்.

சரி, மைதானத்தால் ஒன்றுமே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. சமமான இரு அணிகள் மோதும்போது அது நிச்சயம் எடை போடும். தொழில்முறைப் போட்டியான என்.எஃப்.எல்.-இல் சொந்த மைதானத்துக்கு மூன்று புள்ளி மதிப்பு என்பது பந்தயக்காரர்களின் பழைய வாய்ப்பாடு. அண்மை ஆண்டுகளில் அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. கொரோனாவால் கேலரிகள் காலியாகவோ அரைகுறையாகவோ கிடந்த 2020 பருவத்தில், என்.எஃப்.எல். சொந்த ஊர் அணிகள் 127 வெற்றி, 128 தோல்வி, ஒரு டிரா என்று முடித்தன. அந்த லீகின் வரலாற்றில் சொந்த ஊர் அணிகள் மொத்தத்தில் வெற்றியைவிட அதிகத் தோல்வி கண்டது அதுவே முதல் முறை. ஒரே பருவத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது என்றாலும், கூட்டத்துக்கும் இதில் கை உண்டு என்று நினைக்க அது இடம் தருகிறது.

பள்ளி ஆட்டங்களுக்கு இதே எண்ணைத் தூக்கிவந்து ஒட்டக்கூடாது. தொழில்முறை அணிகளுக்கு இடையே திறமை வித்தியாசம் மிகச் சிறியது; அதனால் மூன்று புள்ளியும் பெரிதாகத் தெரிகிறது. பள்ளிகளுக்கு இடையிலோ ஒரு ஊரில் மூவாயிரம் மாணவர்கள், இன்னொரு ஊரில் எண்ணூறு மாணவர்கள். பிரிவுகள் வைத்து ஓரளவு சமப்படுத்தினாலும் மேடுபள்ளம் முற்றிலும் தீர்வதில்லை.

கூட்டத்தின் கூச்சல் உண்மையிலேயே ஆட்டத்தைப் பாதிக்குமா?

இந்த ஆட்டத்தில் அதற்குத் தெளிவான ஒரு வழி இருக்கிறது. பந்தை வைத்திருக்கும் அணியின் குவார்ட்டர்பேக் குரல் கொடுத்து எண்ணும் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் அவரது வீரர்கள் எல்லோரும் ஒரே நொடியில் பாய வேண்டும். அந்தக் குரல் கேட்காவிட்டால், ஓரத்தில் நிற்கும் ஒருவர் கணநேரம் முந்திக்கொண்டு அசைந்துவிடுவார். உடனே ஐந்து கெஜ அபராதம். அதனால்தான் அனுபவப்பட்ட ஊர்க்கூட்டம் தன் அணி பந்தை வைத்திருக்கும்போது வாய்மூடி உட்கார்ந்திருந்து, எதிரணி மூன்றாவது முயற்சிக்கு வரும்போது மட்டும் எழுந்து கத்தும். பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள்தான்; மூன்றாவதும் தவறினால் பெரும்பாலும் பந்தை விட்டுக்கொடுக்க நேரும்.

ஆனால் பெரும்பாலான பள்ளி மைதானங்களில் இரண்டு பக்கமும் அலுமினியப் பெஞ்சுகள், இரண்டு முனையும் திறந்த வெளி, இரண்டாயிரம் மூவாயிரம் பேர். ஒலி மேலே போய்க் கரைந்துவிடும். ஓஹியோவின் மாசிலான் நகரில் பால் பிரவுன் டைகர் ஸ்டேடியத்தில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிறையும் இரவு வேறு விதம். அந்த ஊரில் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு ஒரு சின்ன ஃபுட்பால் பரிசாகத் தரப்படுவது வழக்கம். கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே வேண்டாம். அத்தகைய ஊர்கள் விதிவிலக்குகள்.

நடுவர்கள் ஊர்க்கார அணிக்குச் சாய்கிறார்களா?

தோற்ற ஊர் எல்லாவற்றிலும் கேட்கும் கேள்வி இது. பல விளையாட்டுகளில் கூட்டத்தின் ஆரவாரம் நடுவரின் நெருக்கடியான தீர்ப்புகளை லேசாகச் சாய்க்கிறது என்று ஆய்வுகள் கண்டுள்ளன. 2020-இல் ஆளில்லா மைதானங்களில் நடந்த ஐரோப்பியக் கால்பந்து ஆட்டங்கள் அதற்கு மேலும் வலுச் சேர்த்தன. பிளே-ஆஃபுக்கு வேறு பகுதியிலிருந்து நடுவர் குழுவை அனுப்புவதே மாநிலச் சங்கங்களின் பொதுவான வழக்கம் என்பதால் ஊர்ப்பாசம் என்ற குற்றச்சாட்டுக்கு இடம் குறைவு. ஆனால் தூரத்தை அளக்கும் பத்து கெஜச் சங்கிலியையும் அதன் இரு கம்பங்களையும் பிடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் நடத்தும் ஊரின் தன்னார்வலர்கள். இருபது ஆண்டுகளாக அதே கம்பத்தைப் பிடித்து வரும் தாத்தாக்களை நான் நேர்மையற்றவர்கள் என்று சொல்லமாட்டேன். பந்து எங்கே நின்றது என்று முடிவு செய்வது நடுவர், அவர்கள் அல்லர். இருந்தாலும் வெளியூர்ப் பயிற்சியாளரின் கண் ஆட்டம் முழுக்க அந்தக் கம்பத்தின் மேலேயே இருக்கும்.

பயணம் எவ்வளவு பெரிய சுமை?

என் கணிப்பில், பள்ளி அளவில் கூச்சலைவிடப் பயணத்துக்கே அதிகக் கவனம் கொடுக்க வேண்டும். தொழில்முறை அணி முந்தைய நாளே விமானத்தில் வந்து ஹோட்டலில் தூங்கி எழும். பள்ளி மாணவர்களோ வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, மதியம் மஞ்சள் பள்ளிப் பேருந்தில் ஏறுகிறார்கள். முழங்கால் முன்சீட்டில் இடிக்கும். தோள்கவசங்கள் நடைபாதையில் குவிந்து கிடக்கும். வழியில் ஒரு சாண்ட்விச். போய்ச் சேர்ந்ததும் உடை மாற்ற ஒதுக்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பள்ளியின் மல்யுத்தப் பயிற்சி அறையோ உடற்பயிற்சிக் கூடத்தின் மூலையோ. 130 கிலோ எடையுள்ள பதினேழு வயதுப் பையன் மூன்று மணி நேரம் மடங்கி உட்கார்ந்து வந்தபின் ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் கால் விறைத்துத்தான் இருப்பான். வெளியூர் அணிகள் மெதுவாகத் தொடங்குவதைக் காணும்போது எனக்கு அந்தப் பேருந்து இருக்கைதான் நினைவுக்கு வரும்.

டெக்சாஸின் மேற்கு ஓரத்தில் உள்ள எல் பாசோ நகரப் பள்ளிகளுக்கு அண்டை ஊர் என்றால் மிட்லண்டு. சுமார் 300 மைல். எல்லாவற்றையும் மிஞ்சியது அலாஸ்காவின் உட்கியாக்விக். ஆர்க்டிக் பெருங்கடலின் கரையில், நீல நிறச் செயற்கைப் புல் விரித்த மைதானம் கொண்ட அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. எதிரணி விமானத்தில் வந்தாக வேண்டும், வெளியூர் ஆட்டத்துக்கு அந்த ஊர் அணியும் விமானத்திலேயே போயாக வேண்டும்.

தட்பவெப்பம், புல்தரை, கடல்மட்ட உயரம்?

கிரிக்கெட்டில் ஆடுகளத்தையே தன் பந்துவீச்சாளர்களுக்கு ஏற்றபடி தயார் செய்துகொள்ள முடியும். இங்கே அது முடியாது. பலர் ஒரே மாதிரிச் செயற்கைப் புல்லில்தான் ஆடுகிறார்கள். உயரம் மட்டும் சில இடங்களில் பேசும். வயோமிங் மாநில இறுதி ஆட்டங்கள் நடக்கும் லாரமி நகரம் 7,200 அடி உயரத்தில் உள்ளது. தாழ்வான ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நான்காவது கால்பகுதியில் மூச்சு வாங்கும்.

பொது மைதானம் என்பது உண்மையிலேயே பொதுவானதா?

பெயரளவில். ஓஹியோவின் இறுதி ஆட்டங்கள் கேன்டன் நகரின் டாம் பென்சன் ஹால் ஆஃப் ஃபேம் ஸ்டேடியத்தில் நடக்கின்றன. அது கேன்டன் மெக்கின்லி பள்ளியின் சொந்த மைதானம். மாசிலான் அங்கிருந்து எட்டு மைல்தான். இந்த இரண்டு ஊர்களும் 1894-இலிருந்து ஒன்றையொன்று எதிர்த்து ஆடி வருகின்றன என்பதால், மாசிலான் வீரர்களுக்கு அந்தப் புல்லின் ஒவ்வொரு மூலையும் பழக்கம். 2023-இல் மாசிலான் அக்ரன் நகர ஹோபன் பள்ளியை 7-2 என்று வீழ்த்தித் தன் முதல் பிளே-ஆஃப் கோப்பையைக் கைப்பற்றியது அங்கேதான். ஹோபனும் அதிகத் தூரத்திலிருந்து வரவில்லை என்பதால் அதை அநியாயம் என்று சொல்லமுடியாது. ஆனால் மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து மூன்றரை மணி நேரம் ஓட்டிவரும் ஓர் அணிக்கு எதிராக அதே இறுதி ஆட்டம் அமைந்தால் "பொது" என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இறுதி ஆட்டத்தில் சொந்த மைதானம் பாரமாக மாறுமா?

1984-இல் இரு அமெரிக்க உளவியலாளர்கள், பேஸ்பால் போன்ற போட்டிகளின் கடைசி ஆட்டத்தில் சொந்த ஊர் அணிகள் பதற்றத்தில் தடுமாறுவதாக எழுதினார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்துக் கூடுதல் தரவுகளுடன் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு நிற்கவில்லை. பள்ளி அளவில் இறுதி ஆட்டம் ஆடும் அணிகளில் ஒன்றின் சொந்த ஊரில் நடப்பதே அபூர்வம். 2017 டிசம்பரில் ஜார்ஜியாவில் பனி பெய்து அட்லாண்டா ஏற்பாடு குலைந்தபோது, மிகப் பெரிய பள்ளிகளுக்கான பிரிவின் இறுதி ஆட்டம் மோல்ட்ரி என்ற சிற்றூருக்கு, கால்கிட் கவுண்டி அணியின் சொந்த மைதானத்துக்கு மாற்றப்பட்டது. ஊரே திரண்டு வந்தது. கடைசி நொடியில், பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து அடித்த ஃபீல்டு கோலில் 19-17 என்று வென்றது வெளியூரிலிருந்து வந்த நார்த் குவினட்.

மேல் தரவரிசை அணிக்கே மைதானம் என்பது நியாயமா?

நியாயம் என்றே நான் நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு அர்த்தம் போய்விடும். தின்பண்டக் கடை வருமானம், பேண்டு வாத்தியக் குழுவுக்கு மிச்சமாகும் பேருந்துச் செலவு என்று நடத்தும் பள்ளிக்குக் கிடைக்கும் சில்லறை ஆதாயங்களும் உண்டு. குறை வேறு இடத்தில் இருக்கிறது: தரவரிசையே பிழையாக இருந்தால் பரிசும் பிழையான கையில் போய்ச் சேரும். மெலிந்த எதிரணிகளைத் தேடித் தேடி ஆடி, பத்துக்குப் பத்து வென்ற அணி ஊரில் உட்கார்ந்திருக்க, கடினமான அட்டவணையில் மூன்று ஆட்டம் தோற்ற நல்ல அணி பேருந்தில் வரும். வெளியூர் அணி வென்ற "அதிர்ச்சி" முடிவுகள் பலவற்றை அருகில் போய்ப் பார்த்தால் அது அதிர்ச்சியாக இருக்காது. தரவரிசையின் பிழை அன்றிரவு திருத்தப்பட்டிருக்கும்.

ஒரு கோப்பையின் கணக்கில் இது எவ்வளவு மாற்றம்?

ஒரு கற்பனைக் கணக்கு. எல்லா எதிரணிகளுக்கும் சமமான ஓர் அணி நான்கு சுற்றுகள் வெல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் வாய்ப்பு 50 விழுக்காடு என்றால் நான்கையும் வெல்லும் வாய்ப்பு 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நான்கும் சொந்த ஊரில் நடந்து, அதனால் ஒவ்வொன்றிலும் வாய்ப்பு 55 ஆனால், மொத்தம் 9 விழுக்காட்டைத் தாண்டும். ஒரே ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத ஐந்து, நான்கு சுற்றில் ஒன்றரை மடங்காகிறது. ஆதிக்கம் என்று பெயர் சூட்டும் அளவுக்கு இல்லை. அலட்சியப்படுத்தும் அளவுக்கும் இல்லை.

மைதானத்தின் பங்கை நேரில் பார்க்க எந்த ஆட்டத்துக்குப் போகலாம்?

முதலிடத்து அணியின் ஆட்டத்துக்கு வேண்டாம். அங்கே இடைவேளைக்குள் எல்லாம் முடிந்துவிடும். எட்டாமிடத்து அணியின் ஊருக்கு ஒன்பதாமிடத்து அணி வரும் ஆட்டத்துக்குப் போங்கள். வெளியூர்ப் பேருந்து எத்தனை மணிக்கு வந்து நின்றது என்று வாசலிலேயே கேட்டுவிட்டு, நான்காவது கால்பகுதியில் இரு அணிகளுக்கும் நான்கைந்து புள்ளிதான் இடைவெளி என்ற நிலையில், வெளியூர் அணி மூன்றாவது முயற்சியில் எட்டு கெஜம் தேவைப்பட்டு நிற்கும்போது, பந்தைப் பார்க்காமல் அந்த அணியின் ஓரத்து வீரரின் கால்களைப் பாருங்கள்.